பெருங்குடல் புற்றுநோய்க்கு கீமோ போகிறது, அப்பாவுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 61 வயது. வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாம் நிலை என்று சொல்லி கேபாக்ஸ் என்ற கீமோ ஆரம்பித்து இரண்டு சுற்று ஆகியிருக்கிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 57. சர்க்கரை நோயும் உண்டு. அத்தை, பெரியப்பா என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு இனிப்பு, பால், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்கள். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மாதுளை ஜூஸ் என்று ஓடுகிறது. இது சரியா, வேறு என்ன கொடுக்கலாம் என்பது கேள்வி.

சரியில்லை. புற்றுநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கீமோ ஆரம்பித்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது பத்தியம். எதை நிறுத்தலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. இந்தச் சில மாதங்களில் உங்கள் அப்பாவுக்கு ஆபத்து, தப்பான ஒரு உணவைச் சாப்பிடுவதால் வருவதைவிட, போதாமல் சாப்பிடுவதால் வருவதே அதிகம்.

கணக்கையே பார்த்துவிடலாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் வரை. 57 கிலோவுக்கு 1.2-இலிருந்து கணக்கிட்டால் சுமார் 70 முதல் 85 கிராம் புரதம், 1450 முதல் 1700 கலோரி. இப்போது அவருக்குப் போவதைக் கூட்டுங்கள். காலையில் 2 இட்லி, அதில் 4 கிராம் புரதம். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சி, 2 கிராம் இருந்தால் பெரிய விஷயம். மதியம் ரசம் சாதம், 4 அல்லது 5. மாதுளை ஜூஸில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரவு இடியாப்பம், இன்னொரு 3 அல்லது 4. நாள் முழுக்கச் சேர்த்தாலும் 20 கிராமைத் தாண்டாது. மீதியை உடம்பு தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். குறைந்த 7 கிலோவில் நிறையத் தசை கரைந்திருக்கும்.

தசை கரைந்தால் ஆள் மெலிவதோடு போகாது. கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பளவுப்படி தீர்மானிக்கிறார்கள். ஒரே எடையில் இருக்கும் இரண்டு பேரில் தசை குறைவாக உள்ளவருக்குப் பக்கவிளைவுகள் கடுமையாக வருகின்றன என்று பெருங்குடல் புற்றுநோய் நோயாளிகளை வைத்தே செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கவிளைவு கடுமையானால் சுற்று தள்ளிப்போகும், அல்லது மருந்தின் அளவைக் குறைப்பார்கள். அதனால்தான் சாப்பாடும் சிகிச்சையின் ஒரு பகுதி என்கிறேன். ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை.

ஒரு எச்சரிக்கை. எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். சிலருக்குக் கீமோவில் எடை குறையாது, கூடக்கூடச் செய்யும். ஆனால் ஏறுவது கொழுப்பு, இறங்குவது தசை. அப்பா கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிறாரா, தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திறக்கிறாரா, நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தசை போவது அங்கேதான் முதலில் தெரியும்.

கீமோ ஏன் சாப்பாட்டில் கை வைக்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இந்த மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல் மட்டும்தான் வேகமாகப் பிரிகிறது என்றால் பிரச்சினையே இல்லை. சிறுகுடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் சுமார் பத்து நாளில் மாறுகின்றன. வாயின் உட்தோலும் அப்படித்தான். ஆக, உணவு நுழையும் இடம், ருசி பார்க்கும் இடம், சத்தை உறிஞ்சும் இடம் மூன்றும் ஒரே நேரத்தில் அடி வாங்குகின்றன.

கேபாக்ஸ் என்பது இரண்டு மருந்து. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸில் ஏறுகிறது. அதிலிருந்து 14 நாள் கேபசிடபின் மாத்திரை, காலையும் மாலையும். அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. இப்படி 21 நாள் ஒரு சுற்று. ஃபோல்ஃபாக்ஸ் என்ற இன்னொரு வகைக் கீமோ போடுகிறவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் 5-எஃப்யூ மருந்து சிறிய பம்ப் வழியாக 46 மணி நேரம் ஏறும். அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கேபசிடபின் உடம்புக்குள் போய் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது, அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டு பேருக்கும் பொருந்தும்.

முதல் வாரம் ஆக்ஸாலிபிளாட்டினின் வாரம். இந்த மருந்து நரம்புகளைக் குளிருக்குப் பயப்பட வைக்கும். ஐஸ்கிரீம், ஃப்ரிட்ஜ் தண்ணீர் என்றால் எல்லோருக்கும் புரியும். வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீரும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உடனே கலக்கிய மோரும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த இளநீரும் அதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு மிடறு உள்ளே போனதும் தொண்டை இறுகி, மூச்சே வரவில்லை என்பது போல ஆகும். உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடுவதில்லை, நரம்பின் கூச்சம்தான் அது. வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, சூடான காற்றை மூச்சில் இழுத்தால் சில நிமிடத்தில் சரியாகும். சரியாகாவிட்டால், அல்லது மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே இப்படி வந்தால், உடனே சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட்டுப் பால் பாக்கெட்டை எடுத்தாலே விரல் நுனி ஊசி குத்துவது போல இருக்கும், அதனால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

இன்னொன்றும் உண்டு. அதை நோயாளிகள் சொல்லவே தயங்குவார்கள். சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் தாடை ஓரத்தில் சுரீரென்று ஒரு வலி. அடுத்த நாலைந்து வாயில் தானாகக் குறைந்துவிடும். இதைத் தெரியாமல் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. "கொஞ்சம் பொறுங்கப்பா, ரெண்டு வாய் போனா சரியாயிடும்" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் மூன்று நாள் குமட்டலும் இருக்கும். அதற்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் வகை மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். வயிறு கட்டிக்கொண்டால் பசி இன்னும் போகும். குமட்டல் நாட்களில் தாளிப்பு வாடைதான் பெரிய எதிரி. கடுகு, பெருங்காயம், வெங்காயம் வதக்குகிற வாசனை சமையலறையிலிருந்து வந்தாலே சிலருக்கு வாந்தி வரும். தாளிப்பதை அவர் தூங்கும்போதோ வெளியே நடக்கும்போதோ முடித்துவிடுங்கள். ஆவி பறக்கப் பரிமாறாமல், வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாடை குறையும். இந்த மூன்று நாளும் முழுச் சாப்பாடு இறங்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தயிர் சாதம், பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, பிஸ்கெட், பால் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையளவு போனால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவருக்கு ரொம்பப் பிடித்த உணவை இந்த நாட்களில் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். வாந்தியோடு அந்த ருசி மனதில் ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் அதைத் தொடமாட்டார்.

வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கீமோ அன்றும் அடுத்த ஓரிரு நாளும் 300-ஐத் தொடுவது அதிசயமில்லை. அதைப் பார்த்து வீட்டில் சாதத்தைப் பாதியாக்குகிறார்கள். சாப்பாட்டால் ஏறியதில்லை அது, மருந்தால் ஏறியது. சாப்பாட்டைக் குறைக்காமல், அந்த நாட்களுக்கு மட்டும் சர்க்கரை மருந்தையோ இன்சுலினையோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைப் பட்டியலையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிட முடியாத நாளிலும் வாந்திபேதி நாளிலும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றுப்போக்கையும் வாயில் உலோகச் சுவையையும் தரும், பழி கீமோவுக்குப் போகும். பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை பற்றியும் இதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வாரம் கேபசிடபின் தன் குணத்தைக் காட்டும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்காலில் சிவந்து எரிவது. இந்த மாத்திரையைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. "சாப்பாடு இறங்கல, மாத்திரையாவது போட்டுக்கிறேன்" என்று சொன்னால் குறைந்தது ஒரு இட்லியோ ஒரு கப் தயிரோ உள்ளே போக வேண்டும். விழுங்கிய பிறகு வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்றைப் போடாதீர்கள், அடுத்த வேளைக்கு உரியதை மட்டும் போடுங்கள்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் இந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும். ஃபோல்ஃபாக்ஸில் லூகோவோரின் என்று ஃபோலிக் வகை மருந்தை டாக்டரே அளவாகச் சேர்க்கிறார், 5-எஃப்யூவின் வீரியத்தை ஏற்றுவதற்காக. கேபசிடபின் போடுகிறவர் வீட்டில் தானாக ஃபோலிக் அமில மாத்திரை போட்டால் அந்த வீரியம் கட்டுப்பாடில்லாமல் ஏறும். விளைவு வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும். "நாங்கள் அப்படி எதுவும் கொடுக்கவில்லையே" என்பீர்கள். மெடிக்கலில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் கேப்ஸ்யூல், மல்டி விட்டமின், இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் ஃபோலிக் அமிலம் சேர்ந்தேதான் வரும். கீரையிலும் பருப்பிலும் இயல்பாக இருப்பதைப் பற்றி இந்தப் பயம் வேண்டாம், மாத்திரையாகப் போவதுதான் பிரச்சினை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கும் கேபசிடபினோடு மோதல் உண்டு, அதையும் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரும்புச்சத்து என்றதும் இன்னொன்று. வலப்பக்கக் கட்டி மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் ரத்தம் கசிய வைப்பது. உங்கள் அப்பாவுக்கும் நோய் தெரிவதற்கு முன்பே ரத்தசோகை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். களைப்பு முழுவதும் கீமோவால் என்று முடிவு கட்டாமல், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றலாம். பீட்ரூட் ஜூஸும் மாதுளை ஜூஸும் நிறத்தால்தான் ரத்தத்தை ஞாபகப்படுத்துகின்றன, இரும்பு அவற்றில் அற்பம். ஈரல், மீன், முட்டை, முருங்கைக்கீரை இதைவிட எவ்வளவோ மேல். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

வலப்பக்க அறுவையில் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் கொஞ்சம் போகும். பித்த அமிலமும் வைட்டமின் பி12-உம் உறிஞ்சப்படும் இடம் அது. அதனால் சிலருக்கு, குறிப்பாக எண்ணெயும் நெய்யும் கூடிய சாப்பாட்டுக்குப் பிறகு, மலம் பச்சை மஞ்சளாக நீர்த்துப் போகும். இது கீமோ வயிற்றுப்போக்கு இல்லை, பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிவதால் வருவது. கொலஸ்டிரமின் என்ற பொடி மருந்து இதற்கு உண்டு. எந்த நாளில் என்ன சாப்பிட்டபின் போனது என்று ஒரு நோட்டில் குறித்துக் காட்டினால் டாக்டர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார். சிறுகுடலை நீளமாக எடுத்திருந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஒரு எல்லைக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு நாலு தடவை கூடுதலாகப் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஃபோன். அடுத்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஏழு தடவைக்கு மேல் கூடினால், அல்லது ராத்திரியும் நிற்காவிட்டால், ஃபோனோடு நிறுத்தாமல் நேரே போய்விடுங்கள். முதல் சுற்றின் முதல் சில நாளிலேயே கடுமையான வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 5-எஃப்யூவை உடைக்கும் டிபிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் சிலருக்கு இந்த மருந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்பா இரண்டு சுற்று தாண்டிவிட்டார், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

போகிற நீரை ஈடு செய்ய ஓஆர்எஸ் பொட்டலம்தான் முதலில். உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும், அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். ஓஆர்எஸ் என்று பெயரை ஒட்டிக்கொண்டு டெட்ரா பேக்கில் வந்த இனிப்புப் பானங்கள் வேறு ரகம், அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் தடுத்திருக்கிறது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதியில் முக்கியமாகப் போவது சோடியம். இளநீரை மட்டும் நம்பினால் ஆள் துவண்டுவிடுவார். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இந்த விஷயத்தில் பிரமாதம். கஞ்சியை நான் குறை சொன்னது அதை மட்டுமே உணவாக்குவதற்காகத்தான். வயிற்றுப்போக்கு நாளில் அதற்கு ஈடில்லை. அந்த நாட்களில் பால் தற்காலிகமாக ஒத்துக்கொள்ளாது. குடல் சுவர் புண்ணாகும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்துவிடும். தயிரும் மோரும் பெரும்பாலும் தாங்கும். குடல் ஆறியதும் பாலைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆயுளுக்கும் நிறுத்த வேண்டியதில்லை. கீரை, தோலோடு பயறு, சுண்டல் இவற்றையும் அந்த நாட்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டு நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். 5-எஃப்யூ ஊசி போடும்போது வாயில் ஐஸ் துண்டு வைத்தால் புண் குறையும் என்று படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் போகிறவருக்கு ஐஸ் ஆகாது, அதனால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வெள்ளை அணு குறையும் நாட்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாரத்திலேயே வரும். பச்சைக் காய்கறி, ரோட்டோர ஜூஸ், அரை வேக்காட்டு முட்டை, இரவெல்லாம் வெளியே இருந்த பழைய சோறு அப்போது வேண்டாம். தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு, நன்றாகக் கழுவிய பழங்களுக்குத் தடையில்லை. எல்லாவற்றையும் வேகவைத்தே தர வேண்டும் என்ற கடுமையான பத்தியத்தால் தொற்று குறைவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது வாரம்தான் உங்கள் கையில் இருப்பது. மாத்திரை இல்லை, குமட்டல் போயிருக்கும், நாக்கு கொஞ்சம் திரும்பியிருக்கும். விட்டதைப் பிடிக்கும் வாரம் இது. ஆனால் நான் பார்க்கும் குடும்பங்களில் இந்த வாரத்திலும் அதே கஞ்சிதான் போகிறது, "நல்லா இருக்கார், எதுக்கு வம்பு" என்று. இந்த வாரத்தில் மீன் குழம்பு வையுங்கள், கோழி வையுங்கள், அவருக்கு ஆசையானதைக் கேட்டுச் செய்யுங்கள்.

புரதம் என்றால் பவுடர் டப்பா வாங்க வேண்டும் என்று இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம் அளவில். ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. 25 கிராம் பாசிப்பருப்பில் 6. இப்போது கொடுக்கும் அதே கஞ்சியையே மாற்றலாம். புழுங்கலரிசி நொய் ஒரு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு ஒரு பங்கு, குக்கரில் குழைய வேகவைத்து, இறக்கும்முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, அது நன்றாக வெந்ததும் ஒரு ஸ்பூன் நெய், மிளகுத்தூள், உப்பு. வாய்ப்புண் இருந்தால் மிளகை விட்டுவிடுங்கள், பித்த அமிலத் தொல்லை இருந்தால் நெய்யைக் குறையுங்கள். பழைய டம்ளர் கஞ்சியில் 2 கிராம் இருந்தது, இதில் ஒரு கிண்ணம் 12 கிராமுக்கு மேல் தரும். முட்டை பிடிக்காதவர்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், அல்லது கெட்டித் தயிர். இட்லிக்குச் சட்னிக்குப் பதில் கெட்டியான பாசிப்பருப்பு சாம்பார். ரசத்தை முதலில் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு அப்புறம் சாதம் போடாதீர்கள், பாதி வயிறு தண்ணீரிலேயே போய்விடும். ஆட்டுக்கால் சூப்பும் இதே கதைதான். குடிக்கச் சுகம், புரதம் அதில் கம்மி, கறியை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

ஆட்டுக்கறி கொடுக்கலாமா? பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. அது வருடக்கணக்கில் சாப்பிடுவதைப் பற்றியது. சிகிச்சை நடக்கும்போது வாரம் ஒருநாள் கொத்துக்கறி இறங்குகிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். சாசேஜ், சலாமி மட்டும் வேண்டாம்.

அத்தை சொன்ன சர்க்கரைக் கதைக்கு வருகிறேன். புற்றுச் செல் குளுக்கோஸை அதிகம் இழுக்கிறது என்பது உண்மை. அதனால் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது உண்மையில்லை. சாப்பாட்டில் மாவுச்சத்து வராவிட்டால் உடம்பு தன் தசையை உடைத்துக் கல்லீரலில் குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது அப்பா மட்டும்தான். சர்க்கரை நோய் இருப்பதால் இனிப்பு ஜூஸைக் குறைப்பது வேறு நியாயம், அது சரி. சாதத்தையும் பழத்தையும் பறிக்க வேண்டியதில்லை.

முள் சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் ஜூஸ், மஞ்சள் கேப்ஸ்யூல் இவற்றையும் யாராவது சொல்லியிருப்பார்கள். முள் சீத்தாவில் உள்ள அனோனாசின் நரம்புக்கு நஞ்சு. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்கெனவே விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துகொண்டிருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். பச்சையாக அரைத்த புல் ஜூஸில் கிருமி ஆபத்து. குழம்பில் போடும் மஞ்சள் போட்டபடி இருக்கட்டும், செறிவூட்டிய கேப்ஸ்யூல் வேறு, அது கல்லீரலைக் கெடுத்தால் கீமோ நிற்கும்.

இவ்வளவு செய்தும் பசியே எடுக்கவில்லை என்றால் கேட்கக்கூடிய மருந்தும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் 124 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தினம் 2.5 மில்லிகிராம் ஓலான்சபின் கொடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் அது 9 சதவீதம்தான். அவர்கள் வயிறு, நுரையீரல், கல்லீரல், கணையப் புற்றுநோய்க்காரர்கள், பெருங்குடல் இல்லை. இருந்தாலும் வாந்திக்கும் பசிக்கும் இதை டாக்டர்கள் எழுதுகிறார்கள். கூகுளில் தேடினால் மனநோய் மருந்து என்று வரும், அதைப் பார்த்துப் பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தூக்கம் வரும், சர்க்கரையும் கொஞ்சம் ஏறலாம், அதனால் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பிடும் புரதம் தசையாக ஒட்ட வேண்டுமானால் அசைவு வேண்டும். மாலையில் தெருமுனை வரை நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, இவ்வளவு போதும். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரிடம் நடத்திய சேலஞ்ச் ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80 சதவீதம், வெறும் கையேடு மட்டும் பெற்றவர்களில் 74. அது கீமோவுக்குப் பிந்தைய பயிற்சி. அங்கே போய்ச் சேர அப்பாவிடம் கால் தசை மீதம் இருக்க வேண்டும்.

கடைசியாக, "டிரிப்ஸ் போட்டுத் தெம்பு ஏத்தலாமா" என்று கேட்டிருந்தீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரி, புரதம் பூஜ்யம். இரண்டு இட்லிக்குச் சமம், அதுவும் சாம்பார் இல்லாத இட்லி. வீட்டில் சர்க்கரையை விஷம் என்று நிறுத்திவிட்டு, அதையே ஊசி வழியாக ஏற்றச் சொல்வதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். நீர் வற்றியிருந்தால் டிரிப்ஸ் அவசியம், சாப்பாட்டுக்கு மாற்றாக அது ஆகாது. அடுத்த சுற்றுக்குப் போகும்போது இந்த 7 கிலோ இறக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். எடை 10 சதவீதம் மாறினால் மருந்தின் அளவைத் திரும்பக் கணக்கிடுவது வழக்கம், அவர் இழந்திருப்பது அதற்கும் கொஞ்சம் மேல். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருந்தால் அன்றே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.